இரண்டே கால்கள்தானே கூடுதல்?

வாசகர் கேள்வி, அக்டோபர் 9, 2022

ஒரே சதுரத் தாளில், வெட்டாமலும் ஒட்டாமலும், ஆறு கால் வண்டு ஒன்றை மடித்து முடித்துவிட்டேன். அதே தைரியத்தில் சிலந்தியைத் தொட்டேன். மூன்று முறையும் பாதியிலேயே கிழிந்துவிட்டது. வண்டுக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. இரண்டே கால்கள்தானே கூடுதல்? குறை என் கையிலா, தாளிலா? வெளிநாட்டுத் தாள் வாங்கினால் சரியாகிவிடுமா?

அக்டோபர் 10, 2022

தாளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நான் சிலந்தியை முதலில் மடித்தது பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளில்தான். குறை பெரும்பாலும் முன்மடிப்புகளில், அதாவது முன்கூட்டியே மடித்துப் பிரித்து வைக்கும் கோடுகளில், இருக்கும்.

கால்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் பார்ப்போம். தாளில் ஒரு கால் உருவாக வேண்டுமானால், அந்தக் காலின் நுனியை மையமாகவும் காலின் நீளத்தை ஆரமாகவும் கொண்ட வட்டம் அளவுக்குத் தாள் அந்தக் காலுக்கே ஒதுக்கப்பட வேண்டும். இன்னொரு காலின் வட்டம் அதன்மேல் ஏறக்கூடாது. நுனி சதுரத்தின் மூலையில் அமைந்தால் வட்டத்தில் நான்கில் ஒரு பங்கும், ஓரத்தில் அமைந்தால் அரைவட்டமும், தாளின் நடுவில் அமைந்தால் முழுவட்டமும் செலவாகும். ஆகவே கால்களை மூலைகளிலும் ஓரங்களிலும் வைப்பது சிக்கனம். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் லாங், ஜப்பானின் தொஷியுகி மெகுரோ ஆகியோர் தனித்தனியே இந்த வழியை ஒரு முறையாக வளர்த்தெடுத்தார்கள்.

இந்தக் கணக்கைச் சிலந்திக்குப் போட்டுப் பாருங்கள். சதுரத்தின் நான்கு மூலைகள், நான்கு ஓரங்களின் நடுப்புள்ளிகள், தாளின் மையம் என ஒன்பது புள்ளிகள் கிடைக்கின்றன. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே சதுரத்தின் பக்க நீளத்தில் பாதித் தொலைவு இருப்பதால், ஒவ்வொரு வட்டத்தின் ஆரமும் பக்க நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. ஓரத்தைச் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகள் எட்டுக் கால்களாகும், மையப்புள்ளி வயிறாகும். ஒன்பது சம வட்டங்களை இதைவிடப் பெரிதாகச் சதுரத்துக்குள் வைக்கவே முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். இயற்கையே சிலந்திக்காக எழுதி வைத்த தாள் போல இருக்கிறதல்லவா?

இந்த அமைப்பை மடிக்கப் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. தாளை நான்கு சிறு சதுரங்களாகப் பிரித்து, கொக்கு மடிக்கும்போது நாம் செய்யும் பறவை அடிவடிவத்தின் கோடுகளை ஒவ்வொரு சதுரத்திலும் போட்டால் போதும். செங்கோணத்தை இருமுறை பாதியாக்கினால் கிடைக்கும் 22.5 பாகைக் கோணத்தைத் தவிர வேறு கோணமே இதில் வராது. நாற்பது செண்டிமீட்டர் தாளில் கால் ஒவ்வொன்றும் பத்து செண்டிமீட்டர் இருக்கும். போதாததற்கு, ஒவ்வொரு சிறு சதுரத்தின் நடுவிலும் நான்கு செண்டிமீட்டர் நீளமுள்ள குட்டை மடல் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. முன்னிரண்டை வாயருகே உள்ள உணர்கால்களாக்கலாம், பின்னிரண்டை நூற்பு உறுப்புகளாக்கலாம்.

எனவே என் பதில்: கோடுகளைத் துல்லியமாகப் போடுங்கள், பழுப்புத் தாளே போதும்.

அக்டோபர் 10, 2022, இரவு

மேலே எழுதியதில் ஒரு பிழை. குட்டை மடல்கள் நான்கும் கால்கள் புறப்படும் அதே கணுவிலிருந்துதான் புறப்படுகின்றன. நூற்பு உறுப்புகள் சிலந்தியின் வயிற்று நுனியில் இருப்பவை. நம் சிலந்தியில் வயிற்றின் நுனி கணுவிலிருந்து பத்து செண்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, பின்னிரண்டு மடல்கள் நான்கு செண்டிமீட்டரில் நின்றுவிடுகின்றன. அவற்றை உள்ளே செருகி மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. உணர்கால்கள் பற்றிச் சொன்னது சரிதான்.

அக்டோபர் 13, 2022

எத்தனை அடுக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மூலையில் உள்ள 90 பாகை, 22.5 பாகை கொண்ட நான்கு துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒரு காலில் நான்கு அடுக்குகள். எட்டுக் கால்களுக்கு முப்பத்திரண்டு. சதுர மீட்டருக்கு எண்பது கிராம் எடையுள்ள தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்பதால், கணுவில் எல்லாம் சேர்ந்தாலும் மூன்று மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

அக்டோபர் 14, 2022

நேற்றைய கணக்கு தவறு. சுட்டிக் காட்டியவருக்கு நன்றி. எல்லாக் கால்களும் மூலைக்கால்கள் என்று எண்ணிவிட்டேன். ஓரத்தின் நடுவிலிருந்து வரும் காலுக்கு 180 பாகைத் தாள் இருக்கிறது, ஆகவே எட்டு அடுக்குகள். மையத்திலிருந்து வரும் வயிற்றுக்கு 360 பாகை, பதினாறு அடுக்குகள். மூலைக்கால்கள் நான்குக்கும் சேர்த்துப் பதினாறு, ஓரக்கால்கள் நான்குக்கும் முப்பத்திரண்டு, வயிற்றுக்குப் பதினாறு, ஆக மொத்தம் அறுபத்து நான்கு.

இதோடு முடிந்துவிடவில்லை என்பது இன்று காலை பேருந்தில் போகும்போதுதான் உறைத்தது. நாற்பது செண்டிமீட்டர் தாளில் மடித்த காலின் அடிப்பகுதி நான்கு செண்டிமீட்டருக்கும் சற்று மேலான அகலம் கொண்ட முக்கோணம். அப்படியே விட்டால் சிலந்தி நட்சத்திரமீனைப் போல இருக்கும். காலை ஒல்லியாக்க அதை உள்ளே அமுக்கி நான்கில் ஒரு பங்கு அகலத்துக்கு ஒடுக்குகிறோம். தாள் எங்கும் போய்விடுவதில்லை. அகலம் நான்கில் ஒன்றானால் அடுக்கு நான்கு மடங்காகிறது. அறுபத்து நான்கு அடுக்குகள் இருநூற்று ஐம்பத்தாறு ஆகின்றன. பழுப்புத் தாளில் அது இரண்டரை செண்டிமீட்டர் தடிமன். ஒரு செண்டிமீட்டர் அகலமும் இரண்டரை செண்டிமீட்டர் உயரமும் கொண்ட உடம்பு! செங்கலை நிமிர்த்தி வைத்து அதற்குக் கால் முளைக்க வைப்பது போன்றது அது.

என் பழைய பழுப்புத்தாள் சிலந்தியை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கால்களை நான் ஒடுக்கவே இல்லை. அது நட்சத்திரமீன்தான். இத்தனை வருடங்கள் அதைச் சிலந்தி என்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். யாரும் மறுத்துச் சொன்னதில்லை.

தாள் பற்றி முதல் நாள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். விவரமாகப் பின்னால் எழுதுகிறேன்.

அக்டோபர் 17, 2022

"இதில் தலை எந்தப் பக்கம்?" என்று ஒரு வரியில் கேட்டிருந்தார் ஒருவர். எளிய கேள்வி என்று நினைத்துப் பதில் எழுதத் தொடங்கி, இரவு முழுவதும் தாளோடு உட்கார்ந்திருந்தேன்.

சிலந்திக்கு இடம், வலம் என இரண்டு சமமான பாதிகள் உண்டு. தாளிலும் சமச்சீர்க்கோடு ஒன்று இருந்தாக வேண்டும். சதுரத்தில் அப்படிப்பட்ட கோடுகள் இரண்டு விதம்தான். மூலைவிட்டத்தைத் தேர்ந்தால், எட்டுப் புள்ளிகளில் எதிரெதிர் மூலைகள் இரண்டும் அந்தக் கோட்டின்மேலேயே உட்கார்ந்துவிடுகின்றன; இருபக்கமும் மிஞ்சுவது மும்மூன்று புள்ளிகள். ஓரங்களின் நடுவை இணைக்கும் கோட்டைத் தேர்ந்தால், எதிரெதிர் ஓரங்களின் நடுப்புள்ளிகள் இரண்டும் கோட்டின்மேல் வருகின்றன. அப்போதும் பக்கத்துக்கு மூன்றுதான். எப்படித் திருப்பினாலும் மூன்று இணைக் கால்கள், முன்னே ஒரு மடல், பின்னே ஒரு மடல், நடுவில் ஒரு மடல்.

மூன்று இணைக் கால்கள், முன்னே தலை, நடுவில் மார்பு, பின்னே வயிறு. இது பூச்சி. இயற்கை சிலந்திக்காக எழுதி வைத்த தாள் என்று பத்தாம் தேதி நான் புகழ்ந்தது வண்டுக்கான தாளை.

கேட்டவருக்கு இப்போதுதான் சரியான பதில் சொல்ல முடிகிறது. இரண்டு கால்கள்தான் கூடுதல் என்பது உண்மை. அந்த இரண்டும் சேர்ந்து வரும் நான்காவது இணைதான் சதுரத்துக்குப் பொருந்த மறுக்கிறது. ஆறு கால் என்று வரும்போது சதுரம் தானாகவே வழிவிடுகிறது. எட்டு என்றவுடன், தலைக்கும் வாலுக்கும் அது வைத்திருந்த இடங்களைக் கால்களாக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறோம். உங்கள் வண்டு எளிதாக முடிந்ததும் சிலந்தி மூன்று முறை கிழிந்ததும் ஒரே காரணத்தால்தான்.

அக்டோபர் 17, 2022, மாலை

இதைப் படித்த நண்பர் ஒருவர், "அதனால்தான் நம் ஊரில் எட்டுக்கால் பூச்சி என்று பெயர் வைத்தார்கள் போலிருக்கிறது, காலைக் கூட்டிக்கொண்டு பூச்சியாகவே விட்டுவிட்டார்கள்" என்கிறார். விலங்கியல் ஆசிரியர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், சிலந்தி பூச்சியினத்தில் சேராது என்பார்கள். தாள் மடிப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பெயர் மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அக்டோபர் 21, 2022

வழி இருக்கிறதா என்றால், இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, நாணயமான வழி. தலைக்குக் கோட்டின்மேல் ஒரு வட்டம், வயிற்றுக்குக் கோட்டின்மேல் ஒரு வட்டம், கோட்டின் இருபுறமும் கால்களுக்கு நான்கு நான்கு வட்டங்கள் என்று புதிதாக அடுக்கி, அதற்கேற்ற மடிப்புக்கோடுகளை வரைவது. பத்துச் சம வட்டங்கள் என்று எடுத்துக்கொண்டால், சமச்சீரைப் பற்றிக் கவலையே படாமல் வைத்தாலும் ஆரம் பக்கத்தில் 0.21 பங்குக்கு இறங்கிவிடுகிறது. நாற்பது செண்டிமீட்டர் தாளில் பத்து செண்டிமீட்டர் காலுக்குப் பதிலாக எட்டரைகூடக் கிடைக்காது. கோணங்களும் 22.5 பாகையாக நில்லாமல் கண்டபடி வரும். லாங் எழுதிய டிரீமேக்கர் என்ற கணினி நிரல் இதற்காகவே இருப்பது: எந்த உறுப்பு எவ்வளவு நீளம் என்று குச்சிப் படம் வரைந்து கொடுத்தால், அது வட்டங்களை அடுக்கி மடிப்புக்கோட்டுப் படத்தைத் தருகிறது. அந்தப் படத்தைத் தாளுக்கு மாற்றுவது நம் பாடு. அளவுகோலும் ஊசிமுனையும் வைத்து ஒவ்வொரு புள்ளியாகக் குறிக்க வேண்டும். எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது, பாதிதான் முடிந்தது.

இரண்டாவது, கள்ள வழி. ஒன்பது மடல்களும் ஒரே கணுவில் சந்திப்பதால், கோட்டின்மேல் முன்னே நிற்கும் மடலை இடப்பக்கமும், பின்னே நிற்கும் மடலை வலப்பக்கமும் ஒதுக்கிவிடலாம். இடத்தில் நான்கு, வலத்தில் நான்கு. அடிவயிற்றில் தாள் சற்று முறுக்கிக்கொண்டு கிடக்கும், மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நான் இதைத்தான் செய்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அக்டோபர் 22, 2022

இதெல்லாம் எப்போது தொடங்கியது என்று கேட்பவருக்குச் சுருக்கமாக. வெட்டாமல் ஒரே சதுரத்தில் மடிக்க வேண்டும் என்ற விதி பழைய காலத்து விதி அல்ல. ஜப்பானில் 1797இல் வெளியான கொக்கு மடிப்பு நூலில், தாளில் கீறல்கள் போட்டுத்தான் ஒன்றோடொன்று இணைந்த கொக்குகளை மடிக்கிறார்கள். விதி பின்னால் இறுகியது. 1990களில் ஜப்பானிய மடிப்பாளர்களும் லாங்கும் ஒருவரை ஒருவர் விஞ்சும்படி கொம்பும் காலும் இறக்கையும் கூடிய பூச்சிகளாக மடித்துத் தள்ளிய போட்டியை, அதில் இருந்தவர்களே பூச்சிப்போர் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். வட்டம் அடுக்கும் கணக்கு அந்தப் போட்டியில்தான் கூர்மையானது. லாங் 2001இல் பொறியியல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மடிப்பதற்கே வந்துவிட்டார். நமக்கு அந்த வசதி இல்லை, திங்கட்கிழமை அலுவலகம் உண்டு.

நவம்பர் 6, 2022

தாள் பற்றி எழுதுவதாகச் சொன்ன கடன் பாக்கி இருக்கிறது.

மெல்லியதாகவும் இருக்க வேண்டும், இழுத்தால் கிழியாமலும் இருக்க வேண்டும், மடித்த இடத்தில் நிற்கவும் வேண்டும். இந்த மூன்றும் ஒரே தாளில் கடையில் கிடைப்பது அரிது. நான் செய்துகொண்டது இது: சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளின் இருபுறமும் பட்டம் விடும் மெல்லிய வண்ணத்தாளை ஒட்டினேன். கழுத்தில் கத்தி வைத்தாலும் இதற்குப் பிசின் பயன்படுத்தாதீர்கள், சுருங்கி மேடுபள்ளமாகிவிடும். தெளிப்புப் பசையை மெல்லியதாகத் தெளித்து, ஓரத்திலிருந்து துணியால் நீவிக்கொண்டே ஒட்ட வேண்டும். அலுமினியத் தாளின் சுருள் முப்பது செண்டிமீட்டர் அகலம்தான் என்பதால், ஓரம் வெட்டியபின் இருபத்தெட்டு செண்டிமீட்டர்ச் சதுரம் கிடைத்தது. கால் ஏழு செண்டிமீட்டர். பத்துத் துண்டுகளை அடுக்கி அளந்ததில் அரை மில்லிமீட்டர் வந்தது, அதாவது பழுப்புத் தாளில் பாதித் தடிமன்.

பாதியானாலும் இருநூற்று ஐம்பத்தாறு அடுக்குக்குப் பதின்மூன்று மில்லிமீட்டர் வருகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். ஆகவே காலை நுனிமுதல் அடிவரை ஒரே அளவாக ஒடுக்கக்கூடாது. நுனிப்பக்கம் நான்கில் ஒன்று, நடுவில் மூன்றில் ஒன்று, கணுவை நெருங்கும்போது பாதி என்று சரிவாக ஒடுக்கினால், உடம்புப் பக்கம் தடிமன் அடங்குகிறது. உண்மையான சிலந்தியின் தொடையும் உடம்பை ஒட்டிய இடத்தில் பருத்துத்தான் இருக்கிறது. இது தற்செயலாகக் கிடைத்த அழகு, நான் திட்டமிட்டதல்ல.

வெளிநாட்டுத் தாள் பற்றிக் கேட்டவருக்கு: நேபாளத்து லோக்தா தாளும் ஜப்பானியக் கோசோ நாரில் செய்த மெல்லிய தாள்களும் நீண்ட நார் கொண்டவை, அவற்றின் மேல் மெத்தில் செல்லுலோஸ் என்ற பசைக் கூழைப் பூசி உலரவிட்டால் விறைப்பும் வந்துவிடும். கிடைத்தால் வாங்குங்கள். முதல் மூன்று முயற்சிகளை அவற்றில் செய்யாதீர்கள்.

நவம்பர் 12, 2022

நேற்று கிழிந்தது. தாளின் நடுப்புள்ளியில், அதாவது வயிற்று நுனியில், கடுகளவு ஓட்டை.

நான்கு நாட்களாக மழை. மேசைமேல் விரித்து வைத்திருந்த தாள் ஈரக்காற்றைக் குடித்து மெத்தென்று ஆகிவிட்டது. பட்டத்தாள் அலுமினியத்திலிருந்து ஓரங்களில் கழன்று வந்தது. பதினாறு கோடுகள் ஒரே புள்ளியில் கூடும் இடத்தை முன்னும் பின்னும் மடித்து மடித்துத் தேய்த்திருந்தேன், அந்த இடம்தான் முதலில் விட்டுக்கொடுத்தது. தாளைப் பாலித்தீன் உறையில் வைத்திருக்க வேண்டும். முன்மடிப்புக்கும் இறுதி மடிப்புக்கும் இடையே இடைவெளி விடாமல் இருந்திருக்க வேண்டும்.

தாளை வேண்டுமென்றே ஈரமாக்கி மடிக்கும் முறையை ஜப்பானிய மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா பரப்பினாரே என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். உண்மைதான். அது பசையேற்றிய கெட்டித் தாளுக்கு உரியது. ஈரத்தில் வளைத்துக் காயவிட்டால் சிற்பம் போல நிற்கும். யானைக்கும் பன்றிக்கும் அருமையாகப் பொருந்தும். ஏழு செண்டிமீட்டர்க் காலை நூல் போல ஒடுக்கும் இடத்தில் அந்தத் தடித்த தாளுக்கு வேலையில்லை.

நவம்பர் 19, 2022

இன்னொரு தாள் ஒட்டி, இரண்டாம் முறையாகக் கோடுகள் போட்டு, கூட்டி மடிக்கும் கட்டத்துக்கு வந்தேன். இதை விவரமாகச் சொல்ல வேண்டும், கேட்டவருக்குத் தாள் கிழிந்ததும் அனேகமாக இங்கேதான்.

சாதாரண மடிப்பு வேலையில் ஒன்றன்பின் ஒன்றாக மடித்துக்கொண்டே போகிறோம். இங்கே அப்படியில்லை. எல்லாக் கோடுகளையும் முன்பே மடித்துப் பிரித்துத் தாளைத் தட்டையாக வைத்துக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், மலைமடிப்பு மேலெழவும் பள்ளமடிப்பு கீழிறங்கவும், குடையை மடக்குவது போலக் கூட்ட வேண்டும். ஒரு கோடு எதிர்த்திசையில் இருந்தாலும் முழுத்தாளும் முரண்டு பிடிக்கும்.

என் தாள் ஒன்றரை மணி நேரம் முரண்டு பிடித்தது. நான்கு மூலைகளும் அழகாகக் கூடின, நடுப்பகுதி மட்டும் மூடாமல் கிண்ணம் போல நின்றது. அமுக்கினால் அடுத்த பக்கம் எழும்பும். கேட்டவர் இந்த இடத்தில் பலத்தைக் காட்டியிருப்பார், நானும் காட்டத் தொடங்கியிருந்தேன். பிறகு மயேகவாவின் விதி நினைவுக்கு வந்தது: தட்டையாக மடியும் எந்தப் புள்ளியிலும் மலைமடிப்புகளின் எண்ணிக்கைக்கும் பள்ளமடிப்புகளின் எண்ணிக்கைக்கும் இடையே வித்தியாசம் சரியாக இரண்டு இருக்க வேண்டும். தாளைப் பிரித்து நடுப்புள்ளியில் எண்ணினேன். பதினாறு கோடுகளையும் மாற்றி மாற்றி, மலை எட்டு, பள்ளம் எட்டு என்று அழகாக வகுத்து வைத்திருந்தேன். வித்தியாசம் பூச்சியம். அந்தத் தாள் அழியும்வரை அமுக்கினாலும் அது மடிந்திருக்காது. ஒரு கோட்டைத் திருப்பி ஒன்பதும் ஏழுமாக ஆக்கியவுடன், பக்கத்துக் கோடுகள் தாமாகவே இடம் ஒதுங்கிக்கொடுக்க, ஐந்தே நிமிடத்தில் தாள் கைக்குள் அடங்கியது.

மடிய மறுத்தால் அமுக்காதீர்கள், எண்ணுங்கள். ஓரத்தில் இருக்கும் புள்ளிகளுக்கு இந்த விதி கிடையாது, உட்புறப் புள்ளிகளை மட்டும் பாருங்கள். விதி நிறைவேறினாலும் மடியாத சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் விதி நிறைவேறாவிட்டால் மடியவே மடியாது, இது உறுதி.

நவம்பர் 27, 2022

கால்களை ஒடுக்கும் வேலைக்குப் பத்து நாட்கள் என்று மனதில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கால், இரண்டு நாள் ஓய்வு. ஒரே இரவில் எட்டையும் முடிக்க நினைத்தால் ஆறாவது காலில் கை நடுங்கும். பல் குத்தும் குச்சியும் முனை மழுங்கிய ஊசியும் விரலைவிட உதவியாக இருக்கின்றன.

வயிற்றைப் பற்றி ஒரு நல்ல செய்தி. அது தாளின் நடுவிலிருந்து வருவதால் அதில் தாளின் ஓரம் எதுவும் வெளியே தெரிவதில்லை. முழுக்க மூடிய உறை. கூர்நுனியை உள்ளே அமுக்கிவிட்டு, அடுக்குகளுக்குள் குச்சியை விட்டு மெல்ல விரித்தால், பானை போல உப்பி வருகிறது. இந்த அடிவடிவம் சிலந்திக்கு உண்மையில் தரும் பரிசு இது ஒன்றுதான்.

டிசம்பர் 4, 2022

எந்தச் சிலந்தியை மடிக்கிறோம் என்பதைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் வட்டவலை பின்னும் சிலந்திகளைக் கவனித்திருப்பீர்கள்: முன்னங்கால்கள் நீளம், மூன்றாவது இணை மிகவும் குட்டை. நம் அடிவடிவத்தில் எட்டும் ஒரே நீளம். மூன்றாவது இணையைக் குட்டையாக்க நுனியை உள்ளே மடித்தால் அங்கே மீண்டும் தடிமன். அதனால் கால்கள் ஏறத்தாழச் சமமாகவும் தடிப்பாகவும் இருக்கும் டாரண்டுலா வகையை மடிப்பதாகச் சொல்லிக்கொண்டேன். மடித்து முடித்தபின் பெயர் வைத்தால் எல்லாம் பொருந்தும்.

நிற்க வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதல் இரண்டு இணைகள் முன்னோக்கியும் பின்னிரண்டு இணைகள் பின்னோக்கியும் போக வேண்டும். காலில் ஏழு துண்டுகள் உண்டு என்று உயிரியல் புத்தகம் சொல்கிறது. ஏழையும் மடித்தால் கால் சங்கிலி போலத் தெரிகிறது. மேலே ஒரு முழங்கால், கீழே தரையைத் தொடும் இடத்தில் ஒரு வளைவு, இரண்டே போதும். மிச்சத்தைப் பார்ப்பவரின் கண் சேர்த்துக்கொள்கிறது.

டிசம்பர் 5, 2022

ஒரு வழியாக முடிந்தது. பழுப்பு நிறம், எட்டுக் கால்கள், முன்னே இரண்டு உணர்கால்கள். முகப்பு அறையின் மேல்மூலையில், பரணுக்குப் பக்கத்தில், கறுப்பு நூலில் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஜனவரி 12, 2023

போகிக்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்வது வழக்கம். அம்மா ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு முகப்பு அறையிலிருந்து தொடங்கினார். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

மாலையில் வந்து கேட்டபோது, "பெரிய எட்டுக்கால் பூச்சி ஒன்று இருந்ததுடா, அடித்தால் சத்தமே வேறு மாதிரி வந்தது" என்றார். முறத்திலிருந்து எடுத்து நிமிர்த்தியிருக்கிறேன். அலுமினியம் உள்ளே இருந்ததால் மூன்று கால்கள் மடங்கியதோடு சரி, எதுவும் ஒடியவில்லை. அம்மாவுக்கு வருத்தம், எனக்குக் கொஞ்சம் பெருமை. பழுப்புத்தாள் நட்சத்திரமீனை அவர் எத்தனையோ வருடங்களாகத் தூசி தட்டி அதே இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். அதை அவர் ஒருநாளும் அடித்ததில்லை.

பிப்ரவரி 5, 2023

கேள்வியைத் தொடங்கிவைத்தவர் முடித்துவிட்டார். படம் அனுப்பியிருக்கிறார், நன்றாக வந்திருக்கிறது. வயிறு என்னுடையதைவிட நன்றாக உப்பியிருக்கிறது. கூடவே ஒரு வருத்தமும் எழுதியிருக்கிறார்: "இணையாக வைத்துப் பார்த்தால் ஒரு கால் மெலிந்தும் அதற்கு எதிர்க்கால் தடித்தும் இருக்கின்றன. எல்லா இணையிலும் இப்படியே. எந்தக் கால்களைச் சரியாக ஒடுக்கவில்லை என்று தெரியவில்லை."

எட்டையும் சரியாகத்தான் ஒடுக்கியிருக்கிறீர்கள். மூலைவிட்டத்தை நடுக்கோடாக வைத்து, நான் சொன்ன கள்ள வழியில் போயிருக்கிறீர்கள் என்பது படத்திலேயே தெரிகிறது. தாளின் விளிம்பைச் சுற்றி மூலைக்கால், ஓரக்கால், மூலைக்கால், ஓரக்கால் என்று மாறி மாறி வருகின்றன. முன்மூலையை இடப்பக்கம் தள்ளியவுடன் இடப்பக்க வரிசை மெல்லியது, தடித்தது, மெல்லியது, தடித்தது என்று அமைகிறது. வலப்பக்கம் தடித்ததில் தொடங்குகிறது. ஒவ்வொரு இணையிலும் நான்கு அடுக்குக் கால் ஒன்றும் எட்டு அடுக்குக் கால் ஒன்றும் எதிரெதிரே நிற்கின்றன. அக்டோபரில் இதை எழுதும்போதே நான் யோசித்திருக்க வேண்டும், மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது என்று எழுதிவிட்டேன்.

பின்மூலைக் காலை மற்றவற்றின் மேலாகத் தாண்டவைத்து முன்னே கொண்டுவந்து, மெல்லியதோடு மெல்லியதை இணைசேர்க்க ஒரு பரிசோதனைத் தாளில் முயன்றேன். கணுவில் கிழிந்தது. சிலந்தியைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தை முன்பக்கமாக்கிப் படம் எடுத்தாலாவது தப்பிக்கலாமா என்றும் பார்த்தேன். திருப்பினாலும் இடப்பக்கம் மெல்லிய காலில்தான் தொடங்குகிறது.

பிப்ரவரி 6, 2023

மெல்லிய கால்களுக்குள் அலுமினியத் தாள் துண்டுகளைச் செருகித் தடிப்பாக்கலாமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே சதுரம் என்ற விதி அங்கே உடைகிறது, நான் செய்ய மாட்டேன். கேட்டவர் செய்தால் எனக்குச் சொல்ல வேண்டாம்.